பொன்மணி விழுங்கிய பேச்சு

சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் பொன்மணிக்கு இரண்டு வாய் என்பார்கள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் தம்பி சோலைராஜுக்கு. அவளுடைய ஒரு வாயே நாலு பேருக்குப் போதும் என்பது வேறு விஷயம். பேக்கிங் மேஜையில் நின்று சுருளை உறையில் போட்டபடியே அடுத்த மேஜைக்காரியின் மாமியார் சண்டையைத் தீர்த்துவைப்பாள். சம்பளம் தள்ளிப்போனால் முதலாளி அறைக்கு முதலில் போகிறவளும் அவள்தான். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, "எந்தம்பிக்கு யாரு பேசுவா, நீ பேசுவியா?" என்ற ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

சோலைராஜுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த அன்று பக்கத்தில் வேட்டுப் போட்டும், எட்டு மாதப் பிள்ளை அம்மா மடியில் அசையாமல் தூங்கியது. பயமே இல்லாத பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்ட குடும்பம் அது. பன்னிரண்டு வயதுப் பொன்மணிதான் சந்தேகப்பட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்து, உண்மையைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சைகைகளை உண்டாக்கியதும் அவளே. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. பின்னல் நுனியை இழுப்பதுபோல் காட்டினால் அக்கா. பசி, காசு, வா, போ என்று ஒரு நூறு, நூற்றைம்பது சைகைகள் அந்த வீட்டில் புழங்கின. பிறகு அவன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி, காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தான். தமிழில் நாலு வரி கோர்த்து எழுதத்தான் கடைசிவரை வரவில்லை. திரும்பி வந்தவனின் கையில் ஒரு முழு பாஷை இருந்தது. பொன்மணியிடம் இருந்தது அதே நூற்றைம்பதுதான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த நூற்றைம்பதை வைத்துக்கொண்டுதான் அக்காவும் தம்பியும் ராஜபாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் காலம் தள்ளினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் மனநல மையம் ஒன்று நடக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் மதுரையிலிருந்து டாக்டர் ஐயாதுரை வருவார். மாற்றுத்திறனாளிகளும் வந்துபோகத் தோதாக அதை ஆக்குவதற்கு, ராஜபாளையத்து ஆலைக்காரர்கள் நாலைந்து பேர் நடத்தும் ஓர் அறக்கட்டளை ஒரு வருடத்துக்குப் பணம் கொடுத்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ வாடகை கொடுத்தார்கள். காது கேளாதவர்கள் டாக்டரிடம் பேசுவதற்காகச் சைகைமொழி தெரிந்த, எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுகிற கிருபாபாய்க்குச் சம்பளம் கொடுத்தார்கள். சாய்தளத்தில் கருங்கல்லில் பெயர் வெட்டிப் பதித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோ வாடகைக்கு ரசீது இருந்தது. கிருபாபாயின் கையசைவில் கல்லும் பதிக்க முடியாது, ரசீதும் ஒட்ட முடியாது. ஆகவே வருடம் முடிகிற நேரத்தில் முதல் கேள்வி அவள் சம்பளத்தின் மேலேயே விழுந்தது. வீட்டாட்கள்தான் கூட வருகிறார்களே, அவர்களுக்குத் தெரியாத சைகையா என்று கேட்டார்கள்.

புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். பயன்பெற்றவர்கள் இரண்டு பேர் வந்து பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சுந்தரபாண்டியத்து ஆண்டிச்சாமி ஒருவர்; தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். மற்றவன் சோலைராஜ். கிருபாபாயின் சம்பளம் நின்றால், அவன் பழையபடி அக்காவின் வாயை நம்பித்தான் டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். அந்த வாய் அதற்கு முன்னால் என்ன செய்திருந்தது என்று பொன்மணி யாரிடமும் சொன்னதில்லை.

அது அதற்கு முந்தின வருடம் தை மாதத்தில் தொடங்கியது. சோலைராஜ் பால்ச்சாமி முதலாளியின் ஷெட்டில் ஆறு தறி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் கேட்கிற காதே போய்விடும். ஆகையால் முதலாளிக்கு அவன் மேல் தனிப் பிரியம். தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தே இழை அறுந்ததைச் சொல்லிவிடுகிற கைகாரன் அவன். அப்படிப்பட்டவன் தறி நின்றது தெரியாமல் நிற்கிறான், சோற்றுத் தூக்கைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோகிறான் என்று ஷெட்டில் சொன்னார்கள். பொன்மணி அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும் தம்பி வளைக்காமல் சொன்னான். சாக வேண்டும்போல் இருக்கிறது, தினமும் அந்த நினைப்புத்தான் என்றான். அந்தச் சைகை அவர்கள் வீட்டு நூற்றைம்பதில் ஒன்று, அம்மா இறந்தபோது இருவரும் பழகியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பொன்மணி டாக்டரைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில், அவர்கள் தெருக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கமே இல்லேங்கான் டாக்டர். சோறும் செல்ல மாட்டேங்குது" என்றாள் பொன்மணி.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். சோலைராஜ் அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அன்று யாராவது உலுக்கிக் கேட்டிருந்தால் பத்துக் காரணம் அடுக்கியிருப்பாள். தெருக்காரி காதில் விழும், ஷெட்டில் தெரிந்தால் வேலை போகும், போலீஸ் வீடு தேடி வரும் என்று வரிசையாகச் சொல்லியிருப்பாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. தான் சொல்லாமல் இருந்தால் அது நடக்காது என்று நம்பினாள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள்தான். ஆனாலும் அவள் செய்தது பெரிய தப்பு, அதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. அவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். அவள் ஒவ்வொரு தடவையும் தூக்கம், சோறு, தலைவலி என்று மாற்றிப் போடுவாள். டாக்டர் தலையை ஆட்டி மாத்திரை எழுதுவார். வீட்டில் அவனை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். நடு ராத்திரியில் எழுந்து அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பாள். டாக்டரிடம் சொல்வதை மட்டும் செய்யவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் முன்பின் தெரியாத பெண் ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. "சோலைராஜ் அக்காவா? நான் கிருபாபாய். ஒங்க தம்பி எங்க இருக்கான்னு உடனே பாருங்க" என்றாள். பாளையங்கோட்டையில் கூடப் படித்த நண்பனுக்கு அவன், போய் வருகிறேன் என்று விடைபெற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். காது கேளாத அந்த நண்பன் எந்தப் போனில் யாரிடம் கத்துவான்? காது கேளாத தாய் தகப்பனுக்குப் பிறந்து சைகையிலேயே வளர்ந்த கிருபாபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது அவனுக்குத் தெரியும். அவளை வீடியோவில் கூப்பிட்டு, சோலைராஜுக்குப் பின்னால் கண்மாய் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றி வைத்து, அதன் மேல் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான் சோலைராஜ். பொன்மணி ஓடிப்போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தவள் வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிருபாபாய் சம்பளம் கூலி எதுவும் பேசாமல் தானாகவே மையத்துக்கு வந்தாள். உள்ளே மூன்று பேரும் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். பொன்மணி வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர், "அம்மா, இவர் இதையெல்லாம் முன்னாடி எப்பவாவது உங்ககிட்ட சொல்லியிருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

அவர் மேலே எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பிப் போனார். அறக்கட்டளைக்கு அவர் கடிதம் எழுதி, கிருபாபாய்க்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது அதன் பிறகுதான். தம்பிக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து ஒரு வருடமாகப் பொன்மணியை அரித்துக்கொண்டிருந்தது. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சோலைராஜ் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினான். நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று கையைக் காட்டினான்.

பால்ச்சாமி முதலாளியும் அந்த அறக்கட்டளைக் கமிட்டியில் இருந்தார். பொன்மணி தனக்குத் தெரிந்த சைகையெல்லாம் போட்டு மன்றாடினாள். முதலாளி இருப்பார், வேலை போய்விடும், நன்றி மட்டும் சொல், போதும் என்றாள். அவன் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, எல்லாம் என்று மறுபடியும் காட்டினான்.

பொன்மணி கிருபாபாய்க்கு போன் போட்டாள். "டீச்சர், நாளைக்கு இவன் கண்டதையும் கொட்டிருவான் போலருக்கு. நீங்க செத்த பதமாச் சொல்லலாம்லா?"

"அவன் கை என்ன சொல்லுதோ அதத்தான் நான் சொல்லுவேன் பொன்மணி. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொல்லணுமா வேண்டாமாங்கது அவன் இஷ்டம்" என்றாள் கிருபாபாய்.

அறக்கட்டளையின் ஆபீஸ் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு குடோனுக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆண்டிச்சாமி ஆட்டோவில் வந்து இறங்கி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து படியைப் பார்த்தார். நாலு லோடுமேன்கள் தூக்க வந்தார்கள். "நான் என்ன பஞ்சுப் பொதியாலே? தொடாத!" என்று அவர்களை விரட்டிவிட்டு, கீழேயே இருந்துகொண்டார். ஆக, மேலே பேசுவதற்குச் சோலைராஜ் ஒருவன்தான் மிஞ்சினான்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் அழகுராஜா, அவருக்கு வலப்பக்கம் செயலாளர், ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பால்ச்சாமி. கிருபாபாய் சோலைராஜுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரு நிமிசம்" என்றார் செயலாளர். "யார் சம்பளத்தப் பத்திப் பேசுறோமோ அவங்க உள்ள இருக்கக் கூடாது. எங்க ரூல் அது. நீங்க வெளிய இருங்க டீச்சர்."

"நான் இல்லன்னா இவர் எப்படிப் பேசுவார் சார்?"

"அதான் அக்கா வந்திருக்காங்கள்லா?"

கிருபாபாய் அழகுராஜாவைப் பார்த்தாள். அவர் என்ன செய்ய என்பதுபோல் கையை விரித்தார். அவள் சோலைராஜுக்கு இரண்டு அசைவில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பொன்மணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பானேன். இனிமேல் எது போக வேண்டும், எது போகக் கூடாது என்பது தன் கையில் என்று நினைத்தாள். சோலைராஜ் சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு அக்காவை வெகு நேரம் பார்த்தான். அவன் எழுந்து நின்றதைப் பார்த்தால் ஏதோ முடிவு பண்ணியவனாகத் தெரிந்தான்.

முதலில் ஷெட்டைப் பற்றிச் சொன்னான், அக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று வீட்டுச் சைகையில் நிதானமாகச் சொன்னான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"மத்தியானம் எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிடுவாகளாம். யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாக, எல்லாரும் சிரிப்பாக. எதுக்குச் சிரிக்கீகன்னு இவன் கேட்டா, ஒண்ணுமில்லங்காகளாம். பதினோரு வருசமா ஒண்ணுமில்லதானாம்."

பால்ச்சாமி கட்டிய கையை அவிழ்த்தார். "ஏந்தாயி, நம்ம ஷெட்டுல அவனுக்கு என்ன குறை வச்சேன்? ஒரு வார்த்த வஞ்சிருப்பனா?"

"குறைன்னு சொல்லலை மொதலாளி" என்று பொன்மணி பதறினாள். தம்பி அடுத்ததற்குப் போய்விட்டான். அந்தச் சைகை வந்தது. ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணி மென்று முழுங்கினாள். பிறகு எப்படியோ வந்தது.

"இவனுக்கு... செத்துப்போகணும்னு இருந்துச்சாம். கண்மாய்க்குப் போயிட்டான்யா. நாங்க போய்த்தான் கூட்டியாந்தோம்."

அழகுராஜா கண்ணாடியைக் கழற்றினார். பால்ச்சாமி சோலைராஜை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். சொல்லியாகிவிட்டது, இடி எதுவும் விழவில்லை என்று பொன்மணி மூச்சு விடுவதற்குள் தம்பியின் கை வேகம் எடுத்தது. வீட்டுச் சைகை போதாமல் அவன் பள்ளிப் பாஷைக்குள் போய்விட்டான். பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. டாக்டர் என்றான். எட்டு மாதம் என்றான். தலையை ஆட்டிக் காட்டினான். அப்புறம் பின்னல் நுனியை இழுத்துக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"என்னம்மா சொல்லுதார்?" என்றார் அழகுராஜா.

தம்பி சாக நினைத்ததைச் சொல்ல முடிந்தவளுக்கு, தன்னைப் பற்றியதைச் சொல்ல முடியவில்லை.

"டாக்டருக்கு இவன் சொன்னது... மொதல்ல சரியாப் புரியலைங்கான். பொறவு அவர் புரிஞ்சுக்கிட்டாராம். எல்லாருக்கும் நன்றி சொல்லுதான்யா."

அழகுராஜா செயலாளர் பக்கம் சாய்ந்து, தங்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் பேசினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ராஜபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த பொன்மணிக்குக் கடைத்தெருத் தெலுங்கு கொஞ்சம் தெரியும், இந்த வேகத்துக்குத் தெரியாது. ஒருத்தர் ஏதோ சொன்னார், இன்னொருத்தர் லேசாகச் சிரித்தார்.

"என்னங்கய்யா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அழகுராஜா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க நல்லாத்தானம்மா எடுத்துச் சொல்லுதீங்க. கேக்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. கூடப் பொறந்தவங்க சொல்றதுபோல வருமா? நாங்க என்ன நினைக்கிறோம்னா, டீச்சர் சம்பளத்த நிப்பாட்டிட்டு, அந்தப் பணத்துல மையத்துக்கு நல்ல பெஞ்சு, பேன், தண்ணி மெசின் எல்லாம் வாங்கிப் போட்டுரலாம். வீட்டாளுக வந்து பேசுனாப் போதும்." செயலாளர் எழுதத் தொடங்கினார். மற்ற நாலு பேரும் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள்.

பொன்மணி தம்பியைப் பார்த்தாள். அவன் ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட முகம். இத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள், கேட்டு, தலையை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. டாக்டர் அறையில் எட்டு மாதமாக அவள் பார்த்த முகம் அதுதான். பார்த்தும் என்னவென்று தெரிந்துகொள்ளாத முகம். அவன் மெல்ல உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"எழுதாதீங்க!" என்றாள் பொன்மணி. போட்ட சத்தத்தில் செயலாளரின் பேனா நின்றது. "எழுதாதீங்கய்யா. நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"அவன் நன்றியும் சொல்லலை, ஒண்ணும் சொல்லலை. டாக்டருக்குப் புரியலைன்னும் சொல்லலை. அவிய மேல ஒரு தப்பும் கிடையாது. எட்டு மாசமா சாகணும் சாகணும்னு இவன் அவியகிட்டச் சொன்னான். நாந்தான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தூக்கமில்லேங்கான், சோறு செல்லலேங்கான்னு மாத்திச் சொன்னேன். அத இப்ப உங்ககிட்டச் சொன்னான். அதையும் முழுங்கிட்டேன்." அழகுராஜா பக்கம் திரும்பினாள். "நல்லாச் சொல்லுதேங்கீகளே. உங்க முன்னாலயே சொல்லுதேன், நல்லாச் சொல்லலை. இன்னும் என்னென்னமோ சொன்னான், பாதி எனக்குப் புரியவே இல்ல. அந்த டீச்சரக் கூப்பிடுங்கய்யா. எம் வாய நம்பாதீக."

அழகுராஜா தானே எழுந்து போய்க் கதவைத் திறந்து, பெஞ்சு யோசனை உட்பட உள்ளே நடந்ததைக் கிருபாபாயிடம் சொன்னார்.

கிருபாபாய் வந்து சோலைராஜுக்கு எதிரில் உட்கார்ந்து, அதையெல்லாம் கையில் எடுத்துச் சொல்லிவிட்டு, அவன் முன்னால் சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவன் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பித்தான். அவன் கையோடு கையாகக் கிருபாபாயின் குரல் வந்தது.

"எட்டு மாசமா டாக்டர்கிட்ட, எனக்குச் சாகணும் போல இருக்குன்னு சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். படிச்சவர், பெரிய டாக்டர். அவரே சரிங்கிறார், அப்ப நான் நினைக்கிறது சரிதான்னு நினைச்சுக்கிட்டேன். அதனாலதான் கண்மாய்க்குப் போனேன். என் பேச்சு அவர்கிட்டப் போகவே இல்லன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. அக்கா சொல்லலை."

பொன்மணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க்கு அவனை அனுப்பியது எது என்று ஒரு வருடமாகச் சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சோலைராஜ் கையை நிறுத்தவில்லை.

"அக்காவுக்குப் பயம். அதை நான் திட்டலை. எனக்கும் அப்பப் பயமாத்தான் இருந்தது. அதை ஒருத்தர்கிட்ட அப்படியே சொல்லணும்னுதான் பஸ் ஏறிப் போனேன். ஒரு வருசமா இந்த டீச்சர் வழியாச் சொல்றேன். இப்ப ராத்திரி தூங்குறேன். இவங்க வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினா பண்ணுங்க. பெஞ்சு வேண்டாம். பெஞ்சுகிட்ட நான் என்ன பேச?"

கிருபாபாயின் குரல் நின்றது.

அழகுராஜா செயலாளர் எழுதியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பொன்மணியிடம், "ஏம்மா, நீயா வாயத் தொறக்கலேன்னா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"தெரிஞ்சிருக்காதுய்யா" என்றாள், தரையில் இருந்தபடியே.

அவர் செயலாளரிடம் எழுதியதை அடிக்கச் சொன்னார். கிருபாபாய்க்கு இன்னும் ஒரு வருடம் சம்பளம் என்று எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று ஒருத்தர் கேட்க, அடுத்த வருடக் கூட்டத்தில் பார்ப்போம் என்றார். பெரிய மனிதர்களின் மனசு உருகினாலும் ஒரு வருடத்துக்குத்தான் உருகும். அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் வைப்பது என்பதையும் எழுதினார்கள். அதற்குக் காரணம் கீழே இருந்த ஆண்டிச்சாமி படிக்கட்டைப் பார்த்துப் போட்ட சத்தம்.

பால்ச்சாமி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். தம்பியின் வேலை போய்விட்டது என்றே பொன்மணி நினைத்தாள். மறுநாள் சோலைராஜ் ஷெட்டுக்குப் போனபோது ஆறு தறியையும் முதலாளி அவனுக்கே விட்டுவைத்திருந்தார். ஆனால் இரவு ஷிப்டு இனிமேல் கிடையாது என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் வரும்படி குறைந்தது. அக்கறையில் செய்தாரா பயத்தில் செய்தாரா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டில், ஏதோ ஒரு சிரிப்புக்குப் பிறகு, மேஸ்திரி மெனக்கெட்டுக் கையை ஆட்டி ஆட்டி ஒரு நகைச்சுவையைச் சொல்லிக் காட்டினாராம். ஒன்றுமே விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தேன் என்று தம்பி வீட்டில் வந்து சொன்னான்.

அக்காவிடம் கூட்டத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அவளாலும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அந்த நூற்றைம்பது சைகையில் அதற்கு ஒன்று கிடையாது. அந்த வீட்டில் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிருபாபாயை வீடியோவில் கூப்பிட்டு, அதைக் கையில் எப்படிக் காட்டுவது என்று கேட்டாள். கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை பழகினாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து செய்து காட்டினாள். அவன் சோற்றுக்கையோடு பார்த்தான். விரல் தப்பு என்று இடது கையால் அவள் விரலைத் திருத்தினான். சரியாக வரும்வரை மூன்று தடவை செய்ய வைத்தான். பிறகு ரசம் ஊற்றச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். டாக்டர், கிருபாபாய், சோலைராஜ் மூவரும் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. பொன்மணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய்க்காரிக்கு அன்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. உள்ளே கைகள் பேசிக்கொண்டிருந்தன, அவன் பேச்சாக கிருபாபாயின் குரல் தணிவாகக் கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. எழுந்து போய்க் கதவோரம் நிற்க அவளுக்குக் கால் துறுதுறுத்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. வழக்கமாக அந்த நிமிடத்திலேயே, என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று கையைப் பிடித்துத் துருவி எடுத்துவிடுவாள். அன்று பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் காட்டினாள்.

தேரடி தாண்டும் வரை அவன் காத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கடைசியில் அவனே நின்று, அவள் தோளைத் தொட்டான். பின்னல் நுனியை இழுத்துக் காட்டி, இன்று உன்னைப் பற்றித்தான் பேசினேன் என்றான்.

நல்லதா, கெட்டதா என்று அவள் கை தானாகக் கேட்டுவிட்டது.

அவன் இரண்டு விரலை நீட்டினான். இரண்டும்தான் என்றான். பிறகு அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.